பிரேக் பிடிக்காத பஸ்சும் கதவு திறக்காத அம்மாளும்

கண்ணகை அம்மாளின் அடியார்களே, என் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்சுக்குப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எங்களுக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை அதில்தான் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தாள். பிரேக் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் ஊர் எங்கள்மேல்தான் பாய்ந்தது. யுத்தம் முடிந்த வருடத்து வைகாசியில் அம்மாள் எங்களுக்குச் செய்ததை இந்தக் கோவில் மலரில் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். நன்றி அதற்குப் பிறகுதான் வருகிறது. அம்மாளுக்கு இது தெரியும். அவளுக்கு நான் எதையும் ஒளித்ததில்லை.

எங்கள் பழைய வீடு கடற்கரையில் இருந்தது. சுனாமியில் என் சின்னவனைக் கடல் கொண்டுபோனது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எழுதத் தொடங்கினால் மற்றது எழுத முடியாது. மகள் தர்சினி மட்டும் மிஞ்சினாள். பிறகு எங்களையெல்லாம் கடற்கரையை விட்டு உள்ளே, வாவிப் பக்கமாகக் குடியேற்றினார்கள். கல்வீடு கிடைத்தது. ஆனால் பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி தூரம், சந்தையும் தூரம். அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் கிராமச் சங்கத்துக்கு ஒரு பஸ் தந்தது. வெளிநாட்டில் கொஞ்சக்காலம் ஓடிய பஸ்தான், ஆனாலும் புதுசு போல இருந்தது. எங்கள் கோவிலின் வரவு செலவு, திருவிழா எல்லாவற்றையும் பார்க்கும் வண்ணக்கர்தான் சங்கத்துக்கும் தலைவர். அவர் தேங்காய் உடைத்துப் பஸ்சை முதன்முதலாக றோட்டில் இறக்கினார். முன்பு கொழும்புக்கு லொறி ஓடிய என் வீட்டுக்காரரைச் சாரதியாகப் போட்டார்கள்.

ஊர் அந்தப் பஸ்சைப் பிள்ளை போல வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வந்து கழுவினார்கள். முன் கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். அதில் பிரசவத்துக்குப் போன பெண்கள் பிள்ளையோடு அதே பஸ்சில் திரும்பி வந்தார்கள். இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்த சனத்துக்கு, இது எங்கள் பொருள் என்று சொல்ல அந்தப் பஸ் ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தந்ததைத் திருப்பி எடுத்த கதைகள் நிறைய. தோணி தந்தவர்கள், பட்டியலில் பெயர் மாறிவிட்டது என்று சொல்லித் தோணியை எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர்த் தாங்கி தந்தவர்கள் திட்டம் முடிந்தது என்று அதைக் கழற்றினார்கள். அதற்கு முந்திய வருடங்களில் துவக்கோடு வந்தவர்களும் வாகனங்களை எடுத்தார்கள். எந்தப் பக்கத்தார் என்று கேட்க யாருக்கும் வாய் இருக்கவில்லை. ஆகவே 'எடுக்கிறது' என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனம் கையில் இருப்பதை ஒளிக்கத்தான் பார்க்கும். இது அவர்களுடைய குற்றம் இல்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. அப்போது வாயில் வந்த எல்லாவற்றாலும் ஏசினேன்.

முதலில் ஒரு மாரி காலத்தில் பஸ்சுக்குள் சாரதியின் முன்னால் ஒரு மஞ்சள் லைட் எரியத் தொடங்கியது. எரிந்தது அணையவில்லை. என் வீட்டுக்காரர் பஸ்சை ஒரு கராஜில் விட்டார். அவர்கள் கழற்றிப் பூட்டி, பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். லைட் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கண்ணுக்குக் குத்துகிறது என்று யாரோ அதன்மேல் ஒரு சின்ன அம்மாள் படத்தை ஒட்டிவிட்டார்கள். பிழை இருக்கிறது என்று காட்டுகிற லைட்டை அம்மாளின் படத்தாலேயே மறைத்த கெட்டிக்காரத்தனத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் முகம் கறுத்து வீட்டுக்கு வந்தார். சந்தைக்குப் பக்கத்தில் மெதுவாகத்தான் வந்தாராம். முன்னால் ஒரு கைவண்டி நின்றதாம். பிரேக்கை அமத்தியிருக்கிறார். பஸ் நிற்காமல் போய்க் கைவண்டியில் முட்டிவிட்டது. வாழைக்குலைகள் றோட்டில் உருண்டன. ஆளுக்கு ஒன்றும் இல்லை. குடித்துவிட்டு ஓடுகிறாயா என்று அங்கே நின்றவர்கள் கேட்டார்களாம். குடியையே அறியாத மனிதர் அவர். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடி இருந்து எனக்குச் சொன்னார்.

"காலுக்குக் கீழ கிடந்து நடுங்குது புள்ள. அமத்த அமத்த விட்டிட்டுப் போகுது. மறுகா தானாப் பிடிக்குது."

அதற்குப் பிறகு அந்த நடுக்கம் நடுநடுவே வந்தது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நன்றாகப் பிடிக்கும், நன்றாகப் பிடிக்கும், திடீரென்று ஒரு நாள் பிடிக்காது. எப்போதும் பிடிக்காத பிரேக் என்றால் ஊர் நம்பியிருக்கும். இது ஒளித்துப் பிடித்து விளையாடியது.

என் தம்பி அப்போது கட்டாரில் பஸ் ஓடிக்கொண்டிருந்தான். வழமைபோல ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் கதைத்தான். நான் என் கவலையைச் சொன்னேன். அவன் எங்கள் பஸ்சின் பெயரையும் மாடலையும் கேட்டான். சொன்னேன்.

"அக்கா, நானும் அதே பஸ்தான் ஓடுறன். இஞ்ச எங்கட பஸ் எல்லாத்தையும் கம்பனி திருப்பி எடுத்தது. பிரேக்கில இரிக்கிற ஏபிஎஸ் பிழையாம். மாத்திப்போட்டுச் சும்மா தந்தவங்கள். அத்தானுக்குச் சொல்லுங்க, அப்பிடியே ஓட வேணாம் எண்டு."

ஏபிஎஸ் என்றால் என்ன என்று அவன் விளக்கினான். பிரேக்கைப் பலமாக அமத்தினால் சில்லு இறுகிப் போய்ப் பஸ் சறுக்கும். அப்படிச் சறுக்காமல் இருக்க, ஒரு சின்னப் பெட்டி பிரேக்கைத் தானாகவே விட்டு விட்டுப் பிடிக்க வைக்குமாம். அந்த மாடல் பஸ்களில் அந்தப் பெட்டியில் பிழை. விடத் தேவையில்லாத நேரத்திலும் விட்டுவிடும். பிழையைக் கம்பனியே கண்டுபிடித்து, உலகத்தில் எங்கெங்கே அந்தப் பஸ் ஓடுகிறதோ அங்கெல்லாம் கொண்டுவரச் சொல்லிவிட்டதாம். எங்களுக்கு யார் சொல்வது? தந்த நிறுவனம் வேலை முடிந்தது என்று எப்போதோ நாட்டை விட்டுப் போய்விட்டது. அவர்கள் இருந்த வீட்டில் இப்போது மணப்பெண் அலங்காரம் செய்கிறார்கள்.

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. பிழை இன்னது என்று தெரிந்துவிட்டது, திருத்தவும் வழி இருக்கிறது, காசும் கேட்க மாட்டார்கள். அம்மாள் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கே வண்ணக்கரிடம் போய், தம்பி சொன்னதைச் சொன்னபடியே சொன்னார்: கம்பனி எல்லாப் பஸ்சையும் திருப்பி எடுக்கிறது, திருத்திப்போட்டுத் தருகிறது.

முதல் பாதி எல்லாருடைய காதிலும் விழுந்தது. இரண்டாம் பாதி ஒருவர் காதிலும் விழவில்லை.

அடுத்த நாளே சங்கத்தைக் கூட்டினார்கள். தந்தவன் பஸ்சைத் திருப்பி எடுக்க வாறானாம் என்று ஊர் முழுக்கக் கதை. நான் எழுந்து நின்று விளக்கினேன். பஸ்சை எடுக்கவில்லை, பிழையைத் திருத்தத்தான் கேட்கிறார்கள் என்றேன். வண்ணக்கர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் என் மகளைப் போல இருபது பிள்ளைகளுக்கு அவர்தான் கொப்பி வாங்கிக் கொடுத்தவர். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தான் செய்த பொருள் பிழையெண்டு தானே சொல்லி, சும்மா திருத்தித் தர அவனுக்கென்ன விசரா புள்ள?"

எல்லாரும் சிரித்தார்கள். உண்மையில் அப்படி ஒரு கம்பனியை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. நானும்தான் கண்டதில்லை.

கூட்டம் மூன்று காரியம் செய்தது. ஒன்று, அந்தக் கதையை வெளியில் பறையக்கூடாது என்றார்கள். அடுத்தது, பஸ்சின் பக்கத்தில் இருந்த நிறுவனத்தின் பெயருக்கு மேல் பச்சைப் பெயின்ற் அடித்தார்கள், தேடி வருபவன் அடையாளம் காணக்கூடாது என்று. கடைசியாக என் வீட்டுக்காரரிடம், உனக்குப் பயம் என்றால் பஸ் திறப்பைத் தா, வேறு ஆளைப் போடுகிறோம் என்றார்கள். அவர் திறப்பைக் கொடுக்கவில்லை. வீட்டில் வந்து நான் சண்டை பிடித்தேன். நான் விட்டால் இந்தப் பிரேக்கின் குணம் தெரியாத ஒருத்தன் ஓடுவான், பிள்ளைகள் அப்போதும் அதில்தான் போவார்கள் என்றார். நியாயம்தான். அந்த நியாயம் எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது.

அன்றிலிருந்து அவர் ஊர்ந்துதான் ஓடினார். நடந்து போகிறவன் கூட முந்திவிடுவான் என்று பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள்.

நான் மகளைப் பள்ளிக்கூடம் போக விடாமல் மறித்தேன். அவள் அழுதாள். "அப்பா ஓடுற பஸ்தானே அம்மா" என்றாள். அதுதான் பிள்ளை, என் பயமே என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை ஏதாவது நடந்தால் அது அவர் கையால் நடக்கும். இந்த எண்ணம் வந்தால் என்னால் அடுப்படியில் நிற்கக்கூட முடியாது. கடல் ஒரு பிள்ளையைக் கொண்டுபோனபோது கடலை ஏசலாம். இதில் யாரை ஏசுவேன்? பள்ளிக்கூடத்தில் இருந்து ஆள் அனுப்பினார்கள். பிறகு அவளை அனுப்பத்தான் வேண்டியிருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். ஒரு கந்தோரில், பஸ் சங்கத்தின் பெயரில் இருக்கிறது, சங்கத் தலைவர் வரட்டும் என்றார்கள். இன்னொரு கந்தோரில், ஆள் காயப்பட்ட விபத்து நடந்ததா என்று கேட்டார்கள். நடக்கவில்லை என்றேன். அப்படியென்றால் என்ன முறைப்பாடு என்றார்கள். விபத்து நடந்த பிறகு வாருங்கள் என்று சொல்லாதது ஒன்றுதான் குறை. பொலிசுக்குப் போக நினைத்தேன், ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் ஒரு வாகனத்தைப் பற்றிப் பொலிசில் போய்ச் சொல்ல மாட்டார்கள். அது வேறு எங்கேயோ போய் முடியும்.

கொழும்பில் அந்தக் கம்பனியின் முகவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தம்பி எடுத்துத் தந்தான். எடுத்தேன். சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து மறுபடி அதே பாட்டு. காசு முடிந்து தொலைபேசி அறுந்தது. இப்படி எத்தனை தரம் அந்தப் பாட்டைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது, இப்போதும் பாடுவேன். கடைசியில் ஒருவர் கிடைத்தார். என்னிடம் இருந்த உடைந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். பஸ்சின் சொந்தக்காரர் பேசினால்தான் தாங்கள் எதுவும் செய்யலாம் என்றார். சொந்தக்காரர் வண்ணக்கர். அவர் பஸ்சுக்குப் பெயின்ற் அடித்து ஒளித்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு நான் நேராகக் கோவிலுக்குப் போனேன். எங்கள் கண்ணகை அம்மன் கோவில் கதவு வைகாசியில்தான் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். வெயில் கொளுத்தியது. வாசலில் ஒரு நாயும் நானும்தான். பூட்டிய கதவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் கும்பிடவில்லை. ஏசினேன்.

கந்தோரும் பூட்டு, நீயும் பூட்டா என்று கேட்டேன். நியாயம் கேட்ட தெய்வம் என்று உன்னைச் சொல்கிறார்கள், நான் கேட்கிற நியாயம் உன் காதில் விழவில்லையா என்று கேட்டேன். வருடம் வருடம் ஊர் கூடி உன் கோபம் ஆறக் குளிர்த்தி பாடுகிறது, என் கோபத்துக்கு யார் பாடுவார்கள் என்று கேட்டேன். கதவில் கையால் அடித்தேன். கை நொந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் அழுதேன். அழுதுகொண்டு ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "அம்மாளே, ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாம இந்தப் பஸ்ஸ நிப்பாட்டு." நிறுத்தித் தந்தால் என் சீவன் உள்ளவரை ஒவ்வொரு வைகாசியிலும் உன் வாசலில் பொங்கி வைப்பேன் என்று நேர்த்தி வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் பஸ் ஓடியது. அதற்கடுத்த நாளும் ஓடியது. நான் தினமும் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். பக்தியால் என்று நினைக்காதீர்கள். கடன்காரன் வாசலில் போய் நிற்பது போலத்தான் நின்றேன்.

வைகாசி வந்தது. அந்த வாரம்தான் யுத்தம் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். எங்களுக்குச் சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. வன்னியில் இருந்த உறவுகளின் சேதி தெரியாமல் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. இந்த வருடம் கதவு திறக்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். இந்த வருடம்தான் திறக்க வேண்டும் என்று வண்ணக்கர் நின்றார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கும் எங்கள் உறவுக்காரர் முன்பெல்லாம் குளிர்த்தி அன்றைக்கு மடைப்பெட்டி சுமந்து வருவார்கள். பழம், பாக்கு, நெல் என்று அம்மாளுக்கு வைக்கும் காணிக்கைப் பெட்டி அது. சண்டையால் அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. இந்தமுறை வருகிறோம் என்று சேதி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் துறையில் வந்து இறங்கும்போது நாங்கள் பஸ்சில் போய்த் தாம்பாளத்தோடு எதிர்கொண்டு கூட்டி வர வேண்டும்.

குளிர்த்தி அன்றைக்குக் காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ஈரம் என்றாலே என் வீட்டுக்காரருக்குப் பயம், அந்த நடுக்கம் ஈரத்தில்தான் கூட வந்தது. நடந்து போவோமே என்று அவர் வண்ணக்கரிடம் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு வருகிற சனத்தை நடத்தியா கூட்டி வருவது என்று வண்ணக்கர் கேட்டார். பஸ் நிறையப் பெண்களும் பெண் பிள்ளைகளும் ஏறினார்கள். தர்சினி விளக்குத் தட்டோடு ஏறினாள். ஏறாதே என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை, எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். அப்படியென்றால் நானும் ஏறுகிறேன் என்று ஏறி, சாரதிக்குப் பின்னால் நின்றேன். வண்ணக்கர் பட்டுச் சால்வையோடு முன்னால், சாரதிக்குப் பக்கத்து என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

துறைக்குப் போகிற றோட்டு, கடைசியில் சரிவாக இறங்கி வாவியில் போய் முடியும். வாகனங்களை ஏற்றி இறக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாதை அப்போதுதான் கரை தட்டியிருந்தது. படுவான்கரைச் சனம் மடைப்பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் கிழவிகள், பிள்ளைகள். எங்களைக் கண்டதும் குரவை போட்டார்கள். எங்கள் பஸ்சுக்குள்ளும் குரவை.

அந்தச் சத்தத்துக்குள் என் வீட்டுக்காரரின் குரல் எனக்கு மட்டும் கேட்டது. அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"புள்ள, பிடிக்குதில்ல."

பஸ் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கால் பிரேக்கில், முழுப் பாரத்தையும் கொடுத்து நின்றது. பஸ் போனது. எனக்கு முன்னால் மடைப்பெட்டிகள், அவற்றின் கீழே முகங்கள். ஹோனை அடித்தார், குரவைக்குள் அது யாருக்கும் கேட்கவில்லை. நான் மகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுதாக ஒடித்தார்.

றோட்டை விட்டுப் பஸ் பாய்ந்தது. கண்டல் மரங்கள் முறிகிற சத்தம். பிறகு யாரோ பெரிய கையால் பிடித்து அமத்தியது போல நின்றது.

பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். பஸ் சில்லு மறையச் சேற்றில் புதைந்து நின்றது. தர்சினியின் தட்டு விழுந்து எண்ணெய் அவள் பாவாடையில் கொட்டியிருந்தது. வண்ணக்கருக்கு நெற்றியில் வீக்கம். ஒருத்திக்கு உதடு வெடித்திருந்தது. அவ்வளவுதான், அடியார்களே. அத்தனை பேரில் அவ்வளவுதான்.

இன்னொன்றைக் கேளுங்கள். அந்தத் துறையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பஸ் இறங்கிய அந்த இடத்தில் எப்போதும் மீன்பிடித் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை பின்னிக்கொண்டு ஆட்கள் இருப்பார்கள். அன்றைக்கு ஒரு தோணியும் இல்லை, ஓர் ஆளும் இல்லை. பாதையில் இடம் போதாது என்று, அக்கரைச் சனத்தை ஏற்றி வர எல்லாத் தோணியும் போயிருந்தது. மடைப்பெட்டி வருகிற நாள் என்பதால் போயிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தச் சேறு எங்களுக்குக் கிடைத்திருக்காது. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் தினமும் போய் வாசலில் நின்று கேட்டவள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாமல் நிறுத்து என்று கேட்டேன். நிறுத்தினாள்.

நிறுத்தினாளே தவிர, என் ஆத்திரத்தை அவள் அன்றைக்கும் ஆற விடவில்லை. சனம் ஓடி வந்து முதலில் செய்த வேலை என் வீட்டுக்காரரை ஏசியதுதான். நல்ல நாளும் அதுவுமாகக் கவனமில்லாமல் ஓடினான் என்றார்கள். குடித்திருக்கிறான் என்றும் ஒருவர் சொன்னார். அவர் முழங்கால் அளவு சேற்றில் நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன், திறந்திருந்தால் அன்றைக்கு என்ன பேசியிருப்பேனோ தெரியாது. அதற்குள் வண்ணக்கர் பஸ்சில் இருந்து சேற்றுக்குள் இறங்கினார். பட்டுச் சால்வை சேற்றில் இழுபட்டது.

"அவன ஏசாதீங்க. நான் பக்கத்திலதான் இரிந்தன். அவன்ட கால் பிரேக்கிலதான் இரிந்திச்சு. எடுக்கவே இல்ல. நான் பாத்தன்."

அவர் என் பக்கம் திரும்பினார். தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை நான் சொன்னதை நம்பாத ஊர், அவர் சொன்னதும் நம்பியது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்த இடத்தில் எங்களுக்காகச் சாட்சி சொல்ல அம்மாள் அவரைத்தான் அந்தப் பெட்டிமேல் இருத்தியிருந்தாள்.

படுவான்கரையாரும் எங்கள் ஆட்களும் சேர்ந்து நடந்தே கோவிலுக்குப் போனோம். மடைப்பெட்டி அம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. குளிர்த்தி பாடினார்கள். நான் திறந்த கதவின் முன்னால் நின்றேன். எனக்கு அவளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அழுதுகொண்டே நின்றேன்.

குளிர்த்தி முடிந்த கையோடு நான் அந்தத் தொலைபேசி இலக்கத்தை எடுத்து, பாட்டு முடிகிறவரை பொறுத்திருந்து, ஆள் வந்ததும் தொலைபேசியை வண்ணக்கரின் கையில் கொடுத்தேன். இந்தமுறை தமிழ் தெரிந்த ஒரு பிள்ளையைப் பேச விட்டார்கள். வண்ணக்கர் கேட்ட முதல் கேள்வி, பஸ்சை எடுத்தால் திருப்பித் தருவீர்களா என்பதுதான். அந்தப் பிள்ளை சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஐயா, நாங்கள் உங்கட பஸ்ஸை எடுக்கிறேல்ல. எங்கட பிழையைத்தான் எடுக்கிறம்."

வண்ணக்கர் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இத்தனை மாதமாக நான் சொன்னதும் அதுதானே என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அந்தப் பிள்ளைக்கு வாய்த்த சொல் எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

சேற்றில் இருந்து பஸ்சை இழுக்கவே பெரும்பாடு பட்டோம். பிறகு கொழும்பில் இருந்து ஒரு பெரிய லொறி வந்தது. பஸ்சை அதன்மேல் ஏற்றியபோது ஊர் தாங்கவில்லை. ஒப்புக்கொண்டவர்கள்கூட ஓடி வந்து லொறியை மறித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் ஒப்பாரி வைக்காத குறை. லொறிக்காரர் விளங்காமல் விழித்தார். வண்ணக்கர் முன்னால் வந்தார்.

"விடுங்க, கொண்டு போகட்டும். தராட்டி நடப்பம். நடக்கிறதுக்கு நம்மட புள்ளயள் இரிக்கிறாங்க."

சனம் விலகியது. லொறி போனது.

பஸ் வர நாள் எடுத்தது. அந்த நாட்களில் நான் கேட்ட பேச்சுக்கு அளவில்லை. உன் தம்பியின் கதையைக் கேட்டுப் பஸ் போச்சு என்று தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடச் சொன்னார்கள். பிள்ளைகள் வெயிலில் நடந்து போவதைப் பார்க்கும்போது எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையாகவே எடுத்துவிட்டார்களோ? அம்மாளிடம் நான் பஸ்சை நிறுத்தத்தான் கேட்டேன், திருப்பித் தரக் கேட்கவில்லையே என்று நினைத்துப் பயந்தேன். அதையும் போய்க் கேட்டேன்.

ஒரு பின்னேரம் ஹோன் சத்தம் கேட்டது. பஸ் வந்து நின்றது. ஏபிஎஸ் பெட்டி புதிது. காசு ஒரு சதமும் வாங்கவில்லை. அந்த மஞ்சள் லைட் எரியவில்லை. என் வீட்டுக்காரர் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கோவில் வாசலில் பிரேக்கை அமத்தினார். நின்றது. இறங்கி வீட்டுக்கு வந்து அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். அத்தனை மாதமும் அவர் காலில் சுமந்த பயம் அன்றைக்குத்தான் இறங்கியது என்று நினைக்கிறேன்.

தர்சினி படித்து முடித்து இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். நான் வருடா வருடம் பொங்கி வைக்கிறேன். அம்மாளோடு இன்னும் சண்டை பிடிக்கிறேன். முன்பு நான் பயந்த மனுசி, கேட்டதை மனதுக்குள்ளேயே கேட்பேன், சாமியிடமும் சரி, மனிதரிடமும் சரி. இப்போது அப்படி இல்லை. கதவு பூட்டிக் கிடந்தாலும் அம்மாள் உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே கூச்சமில்லாமல் தட்டுகிறேன்.

அடியார்களே, உங்களுக்கு என்ன சோதனையோ எனக்குத் தெரியாது. கோபமாக இருந்தால் கோபத்தோடேயே அவளிடம் போங்கள், அவள் கோபம் அறிந்த தெய்வம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சுனாமிக்குப் பிறகு உங்கள் ஊருக்கும் பஸ் வந்திருக்கும், லொறி வந்திருக்கும், அம்புலன்ஸ் வந்திருக்கும். தந்தவர்கள் போய்விட்டார்கள், வாகனம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கம்பனி அதைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பயப்படாமல் கேளுங்கள். எங்களுக்கு அம்மாள் சேறு வைத்திருந்தாள். உங்கள் றோட்டுக் கடைசியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.